பரணில் ஏறும் பொதிகள்

கேள்வி இதுதான்: "டெபியன் மாதிரியான லினக்ஸ் தொகுப்புகளில் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் பழைய நிரல்களைத் தூக்கிவிடுகிறார்கள். ஜன்னலும் பொத்தானும் வரைந்து தரும் ஜிடிகே 2 லைப்ரரியை நம்பி ஓடும் நிரல்கள் இப்போது வரிசையில் நிற்கின்றன. வரலாற்று முக்கியத்துவம் உள்ளவற்றுக்காவது விலக்கு கொடுத்து அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாதா? தூக்கிவிட்டால் அவை அழிந்துபோகாதா?"

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அழியாது. ஒரு பொதியை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டி வைத்த நிரலை, நீக்கினால் அடுத்த வெளியீட்டில் அது இருக்காது, அவ்வளவுதான். முன்பு வந்த வெளியீடுகள் எல்லாம் டெபியனின் பழைய காப்பகத்தில் கிடக்கின்றன, 1996இல் வந்த 1.1 உட்பட. அது போக, ஸ்னாப்ஷாட் என்றொரு சேவை 2005 முதல் தொகுப்பு அன்றன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே மூலநிரலோடு சேர்த்து எடுத்து வைத்திருக்கிறது. வீட்டில் பித்தளை அண்டாவைப் பரணில் ஏற்றுவது போலத்தான். (சிவிஎஸ் என்ற பழைய பதிப்புக் கருவி, நீக்கிய கோப்புகளைப் போட்டு வைத்த அடைவுக்கு வைத்த பெயரே பரண்தான்.) கல்யாணம் காட்சி வந்தால் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இறக்கிய கையோடு அடுப்பில் ஏற்ற முடியாது, ஈயம் பூச வேண்டும். பழைய நிரலில் சிக்கல் எல்லாம் அந்த ஈயம் பூசும் வேலையில்தான்.

முதல் கேள்விக்கு வருகிறேன். நீக்கம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் 'விலக்கு' என்ற யோசனை ஏன் எடுபடுவதில்லை என்பது தெரியும். யாரும் உட்கார்ந்து "இந்த நிரலுக்கு வரலாற்று மதிப்பு இல்லை" என்று தீர்ப்பு எழுதுவதில்லை. முதலில் பராமரிப்பவர் விலகுகிறார், அல்லது சொல்லாமல் காணாமல் போகிறார். பொதி அநாதை என்று அறிவிக்கப்பட்டு, பொதுவான தரக்குழுவின் பெயருக்கு மாறுகிறது. சில வருடம் அப்படியே ஓடும். ஒரு நாள் புதிய கம்பைலர் (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கருவி) வருகிறது, பொதி கட்டமைய மறுக்கிறது. வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குத் தீவிரமான பிழை என்று பதிவாகிறது. யாரும் தொடவில்லையென்றால் அடுத்த வெளியீட்டுக்கான சோதனைக் கிளையிலிருந்து தானாகவே உதிர்கிறது. இன்னும் கொஞ்ச காலம் கழித்து ஒருவர், "பராமரிப்பாளர் இல்லை, மூல ஆசிரியர் இல்லை, கட்டமையவும் இல்லை, எடுத்துவிடலாமா?" என்று ஒரு கோரிக்கை போடுகிறார். மறுத்துப் பேச ஆள் இல்லை. முடிந்தது கதை. ஜென்டூ என்ற இன்னொரு லினக்ஸ் தொகுப்பில் இந்தக் கட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'கடைசிச் சடங்கு'. அறிவித்துவிட்டு வழக்கமாக 30 நாள் பொறுப்பார்கள். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் போர்ட்ஸ் தொகுப்பில் பொதியின் கோப்பிலேயே காலாவதித் தேதி என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். மூன்று இடத்திலும் நடப்பது ஒன்றுதான்: அந்த நிரலுக்காகக் கை தூக்க ஒருவரும் இல்லை.

விலக்கு கொடுப்பதாகவே வைத்துக்கொள்வோம். எதற்குக் கொடுப்பது? ஜிடிகே 2இன் கடைசி வெளியீடு 2020 டிசம்பரில் வந்தது. ஜிடிகே 4 வந்த அதே மாதம். அதோடு மூலக் குழு கைகழுவிவிட்டது. உங்களுக்குப் பிடித்த சின்ன நிரல் ஒன்றுக்கு விலக்கு வேண்டுமானால், அதன் கீழே இருக்கும் ஜிடிகே 2 முழுவதற்கும் விலக்கு வேண்டும். டெபியனின் நிலையான வெளியீட்டில் ஒன்று இருக்கிறது என்றால், அதில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் அடைப்போம் என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அந்த வாக்கைக் காப்பாற்றப் போவது உங்கள் நிரலைப் பார்த்தே இராத நாலைந்து பேர். பைத்தான் 2 மொழி விஷயத்தில் இது நன்றாகத் தெரிந்தது. 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு அதற்கு ஆதரவு முடிந்தது. 2021இல் வந்த டெபியன் 11இல் அது எலும்புக்கூடாக ஒட்டிக்கொண்டிருந்தது. 2023இன் டெபியன் 12இல் இல்லை. அதை நம்பியிருந்த, யாரும் மாற்றி எழுதாத நல்ல நிரல்கள் எல்லாம் கூடவே போயின. அவற்றில் பலவற்றில் ஒரு குறையும் கிடையாது. நின்ற தரைதான் போய்விட்டது.

இத்தனை வருடம் பார்த்ததில் என் கணக்கு இது: பழைய நிரல் ஒன்று தொகுப்பில் நிலைப்பதற்கும் அதன் புகழுக்கும் சம்பந்தமில்லை. அது எத்தனை லைப்ரரிகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதைப் பார்த்தால் போதும், ஆயுசைச் சொல்லிவிடலாம்.

எண்பதுகளின் முனையத்து விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சி மொழியில் எழுதியது, திரையில் எழுத்துகளை இடம் பார்த்து வைக்கும் கர்சஸ் லைப்ரரி ஒன்று போதும். இன்றைய ஜிசிசி கம்பைலரில் போட்டால் என்ன ஆகும்? அந்தக் காலத்தில் ஒரு தலைப்புக் கோப்பில் 'இன்ட் ஸ்கோர்' என்று வெறுமனே எழுதிவிட்டு, பத்துக் கோப்புகளில் அதைச் சேர்த்துக்கொள்வார்கள். பத்துக் கோப்பிலும் பத்து ஸ்கோர் உருவாகும். இணைப்பான் பெருந்தன்மையாகப் பத்தையும் ஒன்றாக்கிவிடும். 2020இல் வந்த ஜிசிசி 10 அந்தப் பெருந்தன்மையை நிறுத்தியது. "ஒரே பெயருக்குப் பல வரையறை" என்று திரை நிறையப் பிழை கொட்டும். அதைச் சரி செய்தால் அடுத்தது 2024இன் ஜிசிசி 14: அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் முன்பு முணுமுணுத்துவிட்டு விட்டுவிடும், இப்போது பிழை என்று நிறுத்திவிடும். 2025இன் ஜிசிசி 15 இன்னும் ஒரு படி மேலே போய், சி மொழியின் புதிய சி23 தரத்தை இயல்பாக எடுத்துக்கொண்டது. வெற்று அடைப்புக்குறி போட்டால் பழைய அர்த்தம் "அளபுருக்கள் என்னவென்று பிறகு சொல்கிறேன்". புதிய அர்த்தம் "அளபுருவே கிடையாது". தவிர, அன்றைய நிரலாளர் ஒவ்வொருவரும் ஆம்/இல்லை சொல்ல சொந்தமாக 'பூல்' என்று ஒரு வகையைச் செய்து வைத்திருப்பார். இன்று அது மொழியின் சொந்தச் சொல், தொடக்கூடாது.

பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் கட்டமைப்புக் கோப்பில் இரண்டு வரி போதும்: "இது 1989ஆம் வருடத்துச் சி, பொது மாறிகளைப் பழையபடி ஒன்றாக்கு." முதல் தடவை ஒரு மாலை முழுதும் தலைப்புக் கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம்தான் எனக்கு இது தெரிந்தது. நிரலைத் தொடாமல் கம்பைலரிடம் வயதைச் சொல்லிவிடுவதுதான் வரலாற்றுக்கும் மரியாதை. பிஎஸ்டி யூனிக்ஸின் பழைய முனைய விளையாட்டுகள் டெபியனில் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், இந்த அளவு வேலையோடு அது நின்றுவிடுவதுதான்.

அதே பழமை உள்ள, ஆனால் ஜன்னலும் பொத்தானும் உள்ள நிரல் என்றால் கதையே வேறு. 2016இல் கேடிஈ என்ற மேசைத்தளச் சூழல் தன் இருபதாம் ஆண்டைக் கொண்டாடியபோது, ஹீலியோ காஸ்ட்ரோ என்ற நிரலாளர் கேடிஈ 1.1.2ஐ அன்றைய ஃபெடோரா லினக்ஸில் ஓட வைத்துக் காட்டினார். அதற்கு அவர் கேடிஈயை மட்டும் எழுப்பியிருந்தால் போதாது. அதன் கீழே இருக்கும் க்யூடி 1.45 லைப்ரரியையும் எழுப்ப வேண்டியிருந்தது. அருமையான வேலை. அதை ஆண்டுதோறும் செய்ய யார் முன்வருவார்கள் என்பதுதான் கேள்வி. கேடிஈ 3.5ஐ விட மனமில்லாதவர்கள் ஜென்டூவில் 'சன்செட்' என்ற பெயரில் தனிக் களஞ்சியம் வைத்துக்கொண்டார்கள். பிரதானத் தொகுப்புக்குப் பாரம் ஏற்றாமல், வேண்டியவர்கள் வேண்டியதைத் தூக்கிச் சுமக்கும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது.

இங்கே ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்: எதைப் பாதுகாக்கிறோம்? 'கொலாசல் கேவ் அட்வென்ச்சர்' என்ற உரை விளையாட்டைப் பாருங்கள். கென்டக்கியின் மாமத் குகைத் தொடரில் இறங்கித் திரிந்த வில் க்ரௌதர், 1970களின் நடுவில் பிடிபி-10 கணினியில் ஃபோர்ட்ரானில் எழுதியது. 1977இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்த டான் வுட்ஸ் அதை விரித்து எழுதினார். உலகம் விளையாடியது வுட்ஸின் வடிவத்தை. 1995இல் வுட்ஸ் 2.5 என்ற பதிப்பு வரை கொண்டுவந்தார். 2017இல் எரிக் ரேமண்ட், ஆசிரியர்கள் இருவரின் சம்மதத்தோடு, அதை 'ஓபன் அட்வென்ச்சர்' என்று பிஎஸ்டி உரிமத்தில் வெளியிட்டார். கைக்கு வந்த நிரல் ஃபோர்ட்ரானிலிருந்து இயந்திரம் சி மொழிக்குப் பெயர்த்தது, 'கோடூ' (இன்ன இடத்துக்குத் தாவு) கட்டளைகளின் நூலாம்படை. அதைப் பிரித்து, குகையின் அறைகளையும் வசனங்களையும் யாமல் என்ற எளிய உரை வடிவக் கோப்புக்கு மாற்றி, விளையாட்டின் நடத்தை மாறாதபடி சோதனைகள் எழுதி முடித்தார்கள். டெபியனில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். இன்னும் பல காலம் ஓடும்.

ஆனால் அது க்ரௌதர் எழுதியது அல்லவே? க்ரௌதரின் அசல் ஃபோர்ட்ரான் தொலைந்துவிட்டது என்றுதான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2005இல் அது அகப்பட்டது. ஸ்டான்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது வுட்ஸ் வைத்திருந்த கணக்கின் பழைய பேக்கப்பில். எந்தப் பொதித் தொகுப்பும் அதைக் காப்பாற்றவில்லை. எவனோ ஒரு சிஸ்டம் அட்மின் கடமைக்கு எடுத்து வைத்த டேப் காப்பாற்றியது. ஓடும் பிரதி வேறு, அசல் பிரதி வேறு. தொகுப்பு ஓடும் பிரதிக்கான இடம். அங்கே திருத்தாமல் எதுவும் பிழைக்காது. அசலைக் காலமெல்லாம் கைபடாமல் வைக்க வேறு வீடு வேண்டும்.

அந்த வீடு இன்று இருக்கிறது. பிரான்சின் இன்ரியா நிறுவனம் 2016இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ். ராபர்ட்டோ டி காஸ்மோவும், அதற்குச் சில ஆண்டு முன்பு டெபியன் தலைவராக இருந்த ஸ்டெஃபனோ ஸக்கிரோலியும் ஆரம்பித்தது. பொதுவில் கிடக்கும் மூலநிரல் அத்தனையையும் வரலாற்றோடு சேர்த்து எடுத்து வைக்கிறார்கள். மூடப்பட்ட கூகுள் கோடு, கிடோரியஸ் ஆகிய தளங்களில் இருந்தவையும் உள்ளே இருக்கின்றன. கீக்ஸ் என்ற பொதி மேலாளரில் மூலநிரலின் முகவரி செத்துவிட்டால், அது தானாகவே இந்தக் காப்பகத்தில் போய்த் தேடும். காப்பகமும் தொகுப்பும் கைகோத்த இடம் என்று எனக்குத் தெரிந்து இதுதான் உருப்படியான உதாரணம். அதிலும் தொல்லை உண்டு. இணையப் பாதுகாப்புக்கான ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 லைப்ரரியின் சில பழைய பதிப்புகளில் சோதனைக்கென்று வைத்திருந்த சான்றிதழ்கள் 2022 ஜூன் 1ஆம் தேதி காலாவதியாயின. அதற்கு முந்தைய நாள் வரை ஒழுங்காகக் கட்டமைந்த அதே மூலநிரல், ஒரு எழுத்துகூட மாறாமல், அன்று முதல் சோதனையில் தோற்றது. கணினியின் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைத்துத்தான் கட்டமைக்க வேண்டும்.

பழைய பொதியை அதன் பழைய வெளியீட்டோடு சேர்த்தே ஒரு கன்டெய்னரில் (தனிப் பெட்டி போல ஓடும் சூழலில்) ஓட்டிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டெபியன் 7ஐ ஒரு கன்டெய்னரில் ஏற்றினேன். ஷெல்லே எழவில்லை, 139 என்ற எண்ணைக் காட்டிவிட்டு வெளியேறியது. நினைவகப் பிழையாம். அரை நாள் படிமத்தைச் சந்தேகப்பட்டேன், வட்டைச் சந்தேகப்பட்டேன். பழி கர்னலில், லினக்ஸின் உட்கருவில், இருந்தது. அந்தக் காலத்து சி லைப்ரரி, நேரம் கேட்பது போன்ற சில வேலைகளுக்கு நினைவகத்தில் ஒரு நிலையான முகவரிக்கு நேராகப் போகும். பாதுகாப்புக் காரணத்துக்காகப் புதிய கர்னல்கள் அந்தக் கதவை அடைத்துவிட்டன. கர்னல் கிளம்பும்போதே 'விசிஸ்கால்' அமைப்பை எமுலேட் என்று சொன்னால் திறந்துகொள்கிறது. கன்டெய்னர் என்பது கர்னலைக் கடன் வாங்கி ஓடுவது. பெட்டியை மூடிவிட்டோம் என்று நாம் நினைத்தாலும் அதன் அடிப்பாகம் திறந்தேதான் இருக்கிறது.

அதனால்தான் எமுலேட்டர்கள் (பழைய கணினியைப் போல நடிக்கும் நிரல்கள்) பக்கம் என் ஓட்டு. பராமரிக்கும் கைகள் கொஞ்சம்தான் என்றால், அவற்றை ஆயிரம் பழைய நிரல்களில் சிதறவிடாமல் ஓர் எமுலேட்டரில் போடலாம். பழைய சாகச விளையாட்டுகளை ஓட்டும் ஸ்கம்விஎம்மைப் பாருங்கள். 1994இல் வந்த வணிக விளையாட்டான 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' டெபியனில் ஒரு பொதியாக இருக்கிறது. அதில் கம்பைல் செய்ய ஒன்றும் இல்லை. படமும் ஒலியும் வசனமும் அடங்கிய தரவு மட்டும். ஓட்டுவது ஸ்கம்விஎம். புது ஜிசிசி வந்தால் அடி வாங்குவது ஸ்கம்விஎம்தான், அதற்கு ஆள் இருக்கிறது. விளையாட்டுப் பொதி பாட்டுக்குத் தூங்கும். பிடிபி-11 என்ற பழைய கணினிக்கு சிம்எச், டாஸ் நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ், பழைய உரை விளையாட்டுகளுக்கு ஃப்ராட்ஸ் என்று இதே ஏற்பாடு பல இடத்தில் நடக்கிறது. கொமடோர் கணினிகளுக்கான வைஸ் எமுலேட்டர் சுதந்திர மென்பொருள்தான், ஆனாலும் டெபியனின் பிரதானப் பகுதியில் இல்லை, 'கான்ட்ரிப்' பகுதியில் இருக்கிறது. ஓட வேண்டுமானால் கொமடோரின் ரோம் சில்லில் இருந்த நிரல் வேண்டும், அதற்கு உரிமை இல்லை.

உரிமம் என்ற தடை கம்பைலரைவிடக் கடினமானது, கம்பைலரை ஏமாற்றலாம். ஸோர்க் என்ற பழைய உரை விளையாட்டின் மூலநிரல் 2019இலேயே கிட்ஹப்பில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் உரிமம் இல்லாததால் எந்தத் தொகுப்பும் தொடவில்லை. 2025 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் எம்ஐடி என்ற சுதந்திர உரிமம் கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது. எம்எஸ்-டாஸும் அப்படியே. 2014இல் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் வழியாக வந்தபோது பார்க்கலாம், படிக்கலாம். 2018இல் எம்ஐடி உரிமம் கிடைத்த பின்புதான் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. யூனிக்ஸின் முதல் ஏழு பதிப்புகளை இன்று நாம் சிம்எச்சில் கூச்சமில்லாமல் ஓட்டுவதற்குக் காரணம், 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் எழுதிக்கொடுத்த ஒரு கடிதம்.

தொகுப்புகள் பழமைக்காக எதையுமே விட்டுக்கொடுப்பதில்லை என்று நினைக்க வேண்டாம். 32 பிட் நேர எண் 2038இல் நிரம்பி வழியும் சிக்கலுக்காக டெபியன் தன் 32 பிட் கட்டமைப்புகளில் நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றியபோது, பழைய இன்டெல் வகைக் கணினிகளுக்கான ஐ386ஐ மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். பழைய இருமக் கோப்புகளை ஓட்டத்தான் இனி யாராவது அதை வைத்திருப்பார்கள். மாற்றினால் அவையெல்லாம் ஓடாது என்பதுதான் காரணம். 2025இல் வந்த டெபியன் 13இல் ஐ386க்குக் கர்னலும் கிடையாது, நிறுவியும் கிடையாது. 64 பிட் கணினிக்குள் பழையதை ஓட்ட ஒரு துணை மட்டும். நீங்கள் கேட்ட 'விலக்கு' இப்படித்தான் வரும்: தனி நிரலுக்கு அல்ல, கீழே இருக்கும் தரைக்கு.

தமிழிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. என்னிடம் ஒரு பழைய சிடி. 2000ஐ ஒட்டிய வருடங்களில் திஸ்கி குறியாக்கத்தில் தட்டிய கடிதங்களும் கட்டுரைகளும். தட்டிய செயலி எப்போதோ போய்விட்டது. திஸ்கி என்பது யூனிகோடு தமிழ் புழக்கத்துக்கு வருமுன் இணையத்தில் ஓடிய குறியாக்கம். மதுரைத் திட்டத்தின் நூல்கள் பலவும் அதில்தான் வந்தன. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகளைச் சேமிக்கும் முறை அது. 'கொ' என்று எழுதினால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று மூன்று பைட்டாக இருக்கும். யூனிகோடில் முதலில் க, பின்னால் ஒகரக் குறி. ஆகவே பைட்டுக்குப் பைட்டு மாற்றினால் போதாது, வரிசையையும் கலைத்து அடுக்க வேண்டும். இதைச் செய்யும் நிரல் துண்டு 2002இலிருந்து ஜிலிப்சிக்குள், லினக்ஸின் அடிப்படைச் சி லைப்ரரிக்குள், உட்கார்ந்திருக்கிறது. புருனோ ஹைபிள் எழுதியது. ஐகன்வ் கட்டளையிடம் திஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8க்கு என்று சொன்னேன். அரை விநாடியில் இருபது வருடத்துக் கடிதங்கள் சுத்தமான தமிழில் வந்து விழுந்தன. எந்த நிறுவலும் இல்லை.

அதோடு இதையும் வைத்துப் பாருங்கள். ஜிடிகே 2 செயலிகளில் தமிழ் தட்டுவதற்கென்றே ஒரு உள்ளீட்டுப் பொதி டெபியனுக்குள் வந்தது. பெயரிலேயே ஜிடிகே 2. அது போனால் இதுவும் போக வேண்டியதுதான். அதே தமிழ்99 விசைப்பலகையை எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டுத் தொகுப்பில் ஒரு வெறும் உரைக் கோப்பாக, எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையாக எழுதி வைத்தார்கள். ஐபஸ் வந்தது, எஃப்சிடிஎக்ஸ் வந்தது. புதிய உள்ளீட்டு அமைப்புகளான இரண்டும் அந்த அட்டவணையை எடுத்துக்கொண்டன. இன்று லினக்ஸில் தமிழ்99 தட்டும் பலர் அதைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் மனதில் ஏதோ ஒரு குறிப்பிட்ட நிரல் இருக்கிறது என்று கேள்வியின் தொனியில் தெரிகிறது. அப்படியானால் முதலில் டெபியனின் அநாதைப் பொதிகள் பட்டியலில் அதைத் தேடுங்கள். இருந்தால், தத்தெடுக்க நீங்கள் டெபியன் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. திருத்திய பொதியைச் சரிபார்த்து ஏற்றிவிட உறுப்பினர் ஒருவர் கிடைத்தால் போதும். ஜிடிகே 2 இல்லாமல், முனையத்திலிருந்தாவது அதன் உள் இயந்திரத்தை ஓட்ட முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் முகத்தை விட்டுவிட்டு உயிரைக் காப்பாற்றலாம். மூலநிரல் எங்கோ ஒருவரின் சொந்தத் தளத்தில் சுருக்கிய கோப்பாக மட்டும் கிடந்தால், இன்றே ஒரு பொதுக் களஞ்சியத்தில் ஏற்றி, "இதைச் சேமி" என்று சாஃப்ட்வேர் ஹெரிடேஜிடம் கேளுங்கள். முகவரியைக் கொடுத்தால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். டெபியன்காரர்கள் வருடக்கணக்கில் போட்ட ஒட்டுகளையும் (சிறு திருத்தங்களையும்) சேர்த்து ஏற்றுங்கள், எந்தக் கம்பைலர் எங்கே உடைத்தது என்ற சரித்திரம் அவற்றில்தான் இருக்கிறது.

உரிமத்தில் "வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டும்" என்றோ, ஒன்றுமே இல்லாமலோ இருந்தால், மற்ற வேலையெல்லாம் அப்புறம். ஆசிரியரின் மின்னஞ்சலைக் கண்டுபிடித்து, பிஎஸ்டியோ எம்ஐடியோ ஒரு வரியில் சம்மதம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எழுதியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.